புழுதி தெரியும் முன்னே போய் நிற்க வேண்டும்
பாலைவன ரேஸ் சப்போர்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் 1967 முதல் நடந்துவரும் ‘பாஹா 1000’ பாலைவன வண்டிப் பந்தயத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வண்டி ஓட்டுவதைப் பற்றி வரும் என்று எதிர்பார்த்த கடிதங்கள் பெரும்பாலும் வண்டிக்குப் பின்னால் ஓடுகிறவர்களைப் பற்றியே வந்தன. அவற்றிலிருந்து சில.

கேள்வி: நண்பர் ஒருவர் பாஹாவில் பகி வண்டி ஓட்டப்போகிறார். நாங்கள் எட்டுப் பேர், இரண்டு பிக்கப் வண்டிகள். எங்கள் வேலைதான் என்ன? பின்னாலேயே போனால் போதாதா?

பதில்: பின்னால் போனால் புழுதிதான் கிடைக்கும். பந்தயப் பாதையில் சப்போர்ட் வண்டிக்கு இடமில்லை. வண்டி மலையிலும் மணலிலும் போகும். நீங்கள் தார்ச்சாலையில் சுற்றிக்கொண்டு, இரண்டும் சந்திக்கிற இடத்துக்கு முன்கூட்டியே போய் நிற்க வேண்டும்.

கணக்கிலிருந்து தொடங்குங்கள். மொத்தப் பாதை 1,300 கி.மீ., வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 50 கி.மீ. என்று வையுங்கள். 200 கி.மீ.க்கு ஒரு பிட் (பெட்ரோல் ஊற்றி, வண்டியைச் சரிபார்க்கும் நிறுத்தம்) என்றால் நடுவில் ஆறு பிட். ஒரு பிட்டிலிருந்து அடுத்ததற்குப் பந்தய வண்டி நான்கு மணி நேரத்தில் வந்துவிடும். அதே இடத்துக்குச் சாலை வழியாக 280 கி.மீ. சுற்று என்றால், ராணுவச் சோதனைச் சாவடி, கொண்டை ஊசி வளைவு எல்லாம் சேர்த்து 65 கி.மீ. சராசரி கிடைத்தாலே அதிகம். நாலே கால் மணி நேரம். சாமான்களைக் கட்டி ஏற்ற அரை மணி. ஆக, ஒரே பிக்கப் அடுத்தடுத்த இரண்டு பிட்டுகளைப் பிடிக்கவே முடியாது. தவளைத் தாவலாகத்தான் போக வேண்டும்: முதல் பிக்கப்புக்கு 1, 3, 5, இரண்டாவதற்கு 2, 4, 6. அப்போது ஒவ்வொரு பிக்கப்புக்கும் எட்டு மணி நேரம் கிடைக்கும்; நடுப் பிட்டுக்குள் போய்த் திரும்பும் சுற்றும் மிச்சமாகும். அதில் ஒரு மணி நேரத்தைக் கையிருப்பாக ஒதுக்குங்கள், தொடாதீர்கள்.

இந்த அட்டவணையைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் மூன்று. முதலாவது, பந்தயப் பாதை மைல் கணக்கு. மெக்சிகோ நெடுஞ்சாலைக் கல் கிலோமீட்டர் கணக்கு. அதுவும் 1ஆம் எண் நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் எண் ஒரே ஓட்டமாகப் போகாது. பகுதிக்குப் பகுதி மறுபடி தொடங்கும். ‘கி.மீ. 60’ என்று மட்டும் சொன்னால் ஆளுக்கொரு இடத்தில் நிற்பீர்கள். பந்தய மைல், ஊர்ப் பெயர், ஜிபிஎஸ் எண் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டாவது கடிகாரம். 28ஆம் அட்சரேகையில், குவெரேரோ நீக்ரோ ஊரருகே மாநில எல்லை வருகிறது. நவம்பரில் தெற்குப் பக்கம் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். கைபேசி தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. எல்லோரும் புறப்பட்ட ஊரின் நேரத்தையே கடைசிவரை வைத்துக்கொள்வது என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். மூன்றாவது, உங்கள் பிக்கப்பின் பெட்ரோல். எல் ரொசாரியோ தாண்டினால் சுமார் 300 கி.மீ.க்கு முறையான பங்க் கிடையாது. கத்தவீன்யாவில் டிரம்மில் வைத்து விற்பார்கள்; பந்தய நாளில் அதையும் நம்பிப் போகாதீர்கள். பந்தய வண்டிக்கு 360 லிட்டர் சுமந்துகொண்டு, தன் டேங்க் காலியாகி ஓரம்கட்டிய சப்போர்ட் வண்டியைவிடப் பரிதாபமான காட்சி பாஹாவில் இல்லை.

ஆள் பிரிப்பு எளிது. ஒரு பிக்கப்புக்கு நான்கு பேர்: பெட்ரோலுக்கு ஒருவர், தீயணைப்பானுக்கு ஒருவர், டயருக்கும் அடிப்பாகத்துக்கும் ஒருவர், ஓட்டுநரைக் கவனிக்கவும் நேரம் குறிக்கவும் ஒருவர். கடைசி வேலைக்குப் புது ஆளைப் போடுகிறார்கள். அது தவறு, நிதானமான ஆளைப் போடுங்கள்.

கேள்வி: பெட்ரோல் எவ்வளவு எடுத்துப்போக வேண்டும்? ஊற்றும்போது என்னென்ன தவறு நடக்கும்?

பதில்: சோதனை ஓட்டத்தில் அளந்த எண்ணைத் தவிர வேறு எதையும் நம்பாதீர்கள். கெட்டித் தரையில் 100 கி.மீ.க்கு 45 லிட்டர் குடிக்கிற வண்டி ஆழ்ந்த மணலில் 60 லிட்டர் குடிக்கலாம். கணக்கைப் பெரிய எண்ணில் போடுங்கள். 200 கி.மீ.க்கு 120 லிட்டர். டேங்க் 150 லிட்டர் என்றால் 30 லிட்டர் மீதி. வழி தவறினாலும் வரிசையில் சிக்கினாலும் அதுதான் காப்பாற்றும்.

பிட்டில் பரவலாகப் புழங்குவது 11 கேலன் டம்ப் கேன், அதாவது 41 லிட்டர் சொச்சம். மூன்று கேன் ஊற்றினால் 120 லிட்டர் கணக்கு முடிந்தது. நிரம்பிய கேன் ஏறக்குறைய 35 கிலோ. அதைத் தோளுயரத்துக்குத் தூக்கிக் கவிழ்த்து அசையாமல் பிடிக்க வேண்டும். வீட்டிலேயே தண்ணீர் நிரப்பி இருபது முறையாவது பழகுங்கள். பழகிய கேனை நன்றாக உலர்த்தாமல் பெட்ரோல் நிரப்பிவிடாதீர்கள்.

முறை இதுதான்: வண்டி நின்றதும் இன்ஜின் அணைய வேண்டும். எர்த் வயரை வண்டியின் இரும்புச் சட்டத்தில் மாட்டுங்கள். தீயணைப்பானோடு நிற்பவர் காற்று வரும் பக்கம் நின்று, டேங்க் வாயை மட்டும் பார்க்க வேண்டும். டயர் மாற்றுவதை வேடிக்கை பார்க்கக் கூடாது. அதன் பிறகே கேன். ஊற்றுபவர் தீ தாங்கும் முழு உடை, கையுறை, தலைமூடி, கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். நைலான் ஜாக்கெட்டுக்கு அங்கே இடமில்லை. தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் ஊற்றும்போதே டயரும் மாற்றலாமா என்பதற்குப் போட்டி விதிப் புத்தகத்தைப் பாருங்கள். அனுமதி இருந்தாலும் கிரைண்டர், வெல்டிங் போன்ற பொறி பறக்கும் வேலை எதுவும் வேண்டாம்.

தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் முளைக்கின்றன. டேங்கின் காற்றுப்போக்கிக் குழாயில் புழுதி அடைத்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறாது. பெட்ரோல் இறங்காமல் குபுக்கென்று திரும்பி முகத்தில் அடிக்கும். கேன் வாயின் ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் கசியும். முந்தின இரவே சரிபார்த்து, பெட்ரோல் தாங்கும் மசகை லேசாகத் தடவுங்கள். கேனுக்கும் டேங்குக்கும் மூடி போட்டே வைத்திருங்கள். ஒரு சிட்டிகை மண் போதும், இணைப்பின் வால்வு முழுதாக மூடாமல் ஒழுகத் தொடங்கிவிடும். சிந்திவிட்டால் வண்டியைக் கிளப்பும் முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். எக்ஸாஸ்ட் குழாய் அப்போது அடுப்பு மாதிரி இருக்கும்.

இன்ஜினை எந்தப் பெட்ரோலுக்கு டியூன் செய்தார்களோ அதுவேதான் எல்லாக் கேனிலும் இருக்க வேண்டும். பற்றாக்குறைக்குப் பங்க் பெட்ரோலைக் கலந்தால் இன்ஜின் தட்டத் தொடங்கும். ஓட்டுநருக்கு அந்தச் சத்தம் கேட்பதற்குள் பிஸ்டன் போயிருக்கலாம்.

கேள்வி: ஜாக்கி வைத்துத் தூக்கினால் சட்டம் உயர்கிறது, சக்கரம் தரையிலேயே இருக்கிறதே?

பதில்: இருக்கத்தான் செய்யும். இந்த வண்டிகளின் சஸ்பென்ஷன் 50 செ.மீ.க்கும் மேல் இறங்கும். சட்டத்தை எவ்வளவு தூக்கினாலும் சக்கரம் தொங்கிக்கொண்டே வரும். ஜாக்கியைச் சட்டத்தில் வைக்காதீர்கள். சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கைகளில், அதாவது பின்னால் ட்ரெயிலிங் ஆர்மில், முன்னால் கீழ் ஆர்மில், அதற்கென்று செய்த இடத்தில் வையுங்கள். மணலில் ஜாக்கி புதையும், 45 செ.மீ. சதுரமாக, 2 செ.மீ. கனத்தில் ஒரு ப்ளைவுட் பலகை எப்போதும் ஜாக்கியோடு கட்டியே இருக்கட்டும்.

சக்கரத்தை மாட்டும் முன், அது உட்காரும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷால் ஒரு தேய்ப்பு. நடுவே மண் சிக்கினால் நட்டு இறுகிய மாதிரி தெரியும், பத்து கி.மீ. போனதும் மண் நொறுங்கி நட்டு தளரும், ஸ்டட் ஒடியும். நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வடிவில் இறுக்குங்கள். இம்பேக்ட் ரெஞ்ச் வேகத்துக்கு. கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், சக்கரம் செய்தவர் சொன்ன அளவில். பாலைவன இரவுக் குளிரில் இம்பேக்ட் ரெஞ்சின் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும்; உபரி பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்வது கேலிக்குரிய பழக்கமல்ல.

காற்றழுத்தத்தைக் குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும். 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். ஓடி வந்த டயரை அளந்து, ‘அதிகமாக இருக்கிறதே’ என்று காற்றை இறக்கிவிட்டால், இரவில் ஆறியபின் அழுத்தம் குறைந்து, அடுத்த பாறையில் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டயர் நசுங்கிக் கிழியும்.

கேள்வி: வண்டி இரண்டு நிமிடம்தான் நிற்கிறது. அதற்குள் எதைப் பார்ப்பது?

பதில்: எல்லாவற்றையும் பார்க்க நினைப்பவர் எதையும் பார்ப்பதில்லை. முன் இடது சக்கரத்தில் தொடங்கி ஒரே திசையில் ஒரு சுற்று; எப்போதும் அதே வரிசை. பார்வைக்கு உதவ, முக்கியமான போல்ட்டுகள் எல்லாவற்றிலும் பந்தயத்துக்கு முன்பே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்: போல்ட்டுத் தலையிலிருந்து சட்டம் வரை ஒரே கோடு. தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும். ஸ்பேனரே எடுக்காமல் நாற்பது போல்ட்டுகளைச் சரிபார்க்கலாம்.

ஸ்டியரிங் டை ராடு வளைந்திருக்கிறதா, பால் ஜாயின்ட் ஆடுகிறதா பாருங்கள். ஆக்ஸில் பூட் (ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்தால் கிரீஸ் வட்டமாகத் தெறித்து உள்பக்கம் கோடு போட்டிருக்கும். அந்த ஜாயின்ட்டுக்கு இனி அதிக ஆயுள் இல்லை, அடுத்த பிட்டுக்கு உதிரி ஆக்ஸில் போய்ச் சேர வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு ஹப்பையும் சுட்டுப் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட இடதுக்கும் வலதுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதே சேதி. ஒரு பக்கம் மட்டும் 30 டிகிரி கூடியிருந்தால் பேரிங் சாகிறது, அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஷாக் அப்சார்பரைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஆசை வேண்டாம், தோல் உரியும். அதன் தண்டில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பாஹாவில் சில இடங்களில் மண் முகப்பவுடர் மாதிரி இருக்கும். முழங்கால் ஆழம், தண்ணீரைப் போல விலகி, புகை போல எழும்பும். அந்தத் தூளில் ஓடிவந்த ஃபில்டரைத் தட்டியோ காற்றடித்தோ மறுபடி போடாதீர்கள். தட்டினால் தூள் சுத்தமான பக்கம் போகும், நேராக இன்ஜினுக்கு. புதிதை மாட்டுங்கள். மாட்டும் முன் அது உட்காரும் விளிம்பை ஈரத்துணியால் துடையுங்கள்; ஃபில்டரின் ரப்பரில் மெலிதாகக் கிரீஸ். ஹெல்மெட்டுக்குக் காற்றுத் தரும் சிறு பம்புக்கும் தனி ஃபில்டர் உண்டு. அதை மறந்தால் ஓட்டுநர் நாலு மணி நேரம் புழுதியைச் சுவாசிப்பார். ரேடியேட்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது அழுக்கு எந்தப் பக்கத்திலிருந்து புகுந்ததோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அடியுங்கள். சூடான மூடியைத் திறக்காதீர்கள்.

இவ்வளவும் நடக்கும்போது ஓட்டுநரிடம் ஒரே ஒரு கேள்வி: ‘போன பிட்டுக்கும் இதற்கும் என்ன மாறியது?’ ‘வண்டி எப்படி இருக்கு’ என்று கேட்டால் ‘நல்லாருக்கு’ என்றுதான் வரும். ‘என்ன மாறியது’ என்றால் பிரேக் மிதி கீழே போவது, வலது திருப்பத்தில் மட்டும் ஒரு சத்தம் என்று உருப்படியாகச் சொல்வார்.

எதைச் சரிசெய்வது, எதை விடுவது? ஸ்டியரிங், பிரேக், சக்கரம், எரிபொருள் அல்லது எண்ணெய் ஒழுகல்: இவற்றில் சந்தேகம் இருந்தால் வண்டி நகரக் கூடாது. தொங்கும் பாடி, ஆடும் விளக்கு, உடைந்த மண்தடுப்பு எல்லாம் கேபிள் டையோடு அடுத்த பிட் வரை போகட்டும்.

கேள்வி: கைபேசி இருக்கும்போது வயர்லெஸ் எதற்கு?

பதில்: பாதையின் பெரும்பகுதியில் சிக்னலே கிடையாது. வண்டிக்கு வண்டி வி.எச்.எஃப். ரேடியோதான். அது நேர்கோட்டில் போகும். நடுவே மலை வந்தால் முடிந்தது. கையடக்க ரேடியோ 5 வாட். பிக்கப்பில் பொருத்தியது 50 வாட் வரை. வாட்டைவிட உயரம் முக்கியம். பக்கத்துக் குன்றின்மேல் ஏறி நின்றால் கையடக்க ரேடியோவே அதிசயம் செய்யும். பாஹாவில் ‘வெதர்மேன்’ என்ற அஞ்சல் ரேடியோ ஏற்பாடு பல்லாண்டுகளாகப் புகழ்பெற்றது: 151.625 மெகாஹெர்ட்ஸில், மலையுச்சியில் உட்கார்ந்து செய்தியை இப்பக்கத்திலிருந்து வாங்கி அப்பக்கம் சொல்வார்கள். அது விபத்துக்கும் அவசரத்துக்கும் எல்லோரும் நம்பியிருக்கும் வழி. ‘சாப்பாடு வாங்கட்டுமா’ என்று அதில் கேட்காதீர்கள்.

செய்திக்கு ஒரு ஒழுங்கு வேண்டும்: வண்டி எண், பந்தய மைல், ஆட்கள் நலமா, என்ன பழுது, என்ன வேண்டும். ‘வண்டி எண் இன்னது, மைல் 412, இருவரும் நலம், இடது பின் ஆக்ஸில் உடைந்தது, ஆக்ஸில் ஒன்று, கிரீஸ், 32 சாக்கெட் வேண்டும்.’ கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இடது ஆக்ஸில் கேட்ட இடத்துக்கு வலது ஆக்ஸில் போய்ச் சேர்வது இந்தத் திருப்பிச் சொல்லல் இல்லாததால்தான். சேட்டிலைட் போன் பிக்கப்புக்கு ஒன்று இருக்கட்டும். எண்களைக் காகிதத்திலும் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: வண்டி பாதையில் பத்து கி.மீ. உள்ளே நின்றுவிட்டது. நாங்கள் எதிர்த் திசையில் போய் உதவலாமா? திரும்பும் தூரம் குறைவு.

பதில்: கூடாது. எதிரே மணிக்கு 200 கி.மீ. தொடும் வண்டிகள் வரும். மேட்டுக்கு அப்பால் நீங்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. விதிப்படியும் தண்டனை உண்டு, நண்பரின் பந்தயமே போகலாம். முதலில் போட்டி நடத்துபவர்களிடம் சொல்லி அனுமதி கேளுங்கள். பாதையைத் தொடாமல் அந்த இடத்தை அடையும் பக்க வழி இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். நுழைந்துதான் ஆக வேண்டும், அனுமதியும் கிடைத்தது என்றால், பந்தயத் திசையில் மட்டும், கண்ணாடியில் ஒரு கண் வைத்து, பின்னால் புழுதி தெரிந்ததும் முழுதாக விலகி நின்று போங்கள்.

மணலில் இழுத்து மீட்பதற்கு உங்கள் பிக்கப்பின் டயரை 15 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குங்கள், தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி ஏற்றுங்கள். முதலில் மண்வெட்டி, பிறகு மணல் பலகை, கடைசியில்தான் கயிறு. கயிற்றை டிரெய்லர் உருண்டையில் மாட்டவே மாட்டாதீர்கள். அது ஒடிந்தால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும். மீட்புக்கென்று உள்ள கொக்கியில், அளவுக்கேற்ற ஷேக்கிளோடு (ஆணி போட்டுப் பூட்டும் இரும்பு வளையம்) மாட்டுங்கள். கயிற்றின் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது.

கேள்வி: ஓட்டுநருக்கு எவ்வளவு தண்ணீர்?

பதில்: வெயிலில், தீ தாங்கும் உடையில், மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை, குழாய் வழியாகச் சிறிது சிறிதாக. வெறும் தண்ணீரை மட்டுமே நாள் முழுதும் ஏற்றாதீர்கள். உப்புச் சத்து நீர்த்துப்போனால் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். உப்புச்சர்க்கரைக் கரைசலை மாற்றி மாற்றிக் கொடுங்கள். வாடிக்கையாகக் குடிக்காத எந்தப் பானத்தையும் பந்தய நாளில் முதன்முதலாகக் கொடுக்க வேண்டாம்.

வெப்பத் தாக்குதல் முதலில் ரேடியோவில் கேட்கும். பேச்சு குழறும், கேட்டதையே மறுபடி கேட்பார், காரணமில்லாமல் எரிந்து விழுவார். அப்படி வந்தவரை வாதம் செய்யாமல் இறக்கி நிழலில் கிடத்துங்கள். உடையைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். மருத்துவ உதவிக்கு உடனே சொல்லுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: எங்களுடையது யு.டி.வி., அதாவது இருவர் பக்கம் பக்கமாக உட்காரும் சிறு வண்டி. டிரைவ் பெல்ட் அடிக்கடி போகிறது. புது பெல்ட் போட்டும் ஐம்பது கி.மீ.கூடத் தாங்கவில்லை.

பதில்: அறுந்த பெல்ட்டின் நார் உள்ளேயே இருந்திருக்கும். கிளட்ச் பெட்டி, புல்லியின் இடுக்கு, காற்றுக் குழாய் மூன்றிலிருந்தும் கடைசி நார் வரை எடுக்க வேண்டும். புல்லி முகத்தில் படிந்த கறுப்பைத் தேய்த்து, கிரீஸ் இல்லாமல் துடையுங்கள். உபரி பெல்ட்டுகளைப் பந்தயத்துக்கு முன்பே ஒவ்வொன்றாகப் போட்டு மெதுவாக ஓட்டிப் பதப்படுத்தி, ஓடிய திசையைக் குறித்து வையுங்கள். பதப்படாத பெல்ட்டை நேராகப் பந்தயத்தில் போட்டால் வழுக்கிக் கருகும்.

கேள்வி: ஒன்றுமில்லாத இடத்தில் ஏன் இவ்வளவு கூட்டம் நிற்கிறது?

பதில்: ஒன்றுமில்லாத இடமாக இருக்காது. வேடிக்கைக்காகப் பள்ளம் தோண்டியோ மண்மேடு கட்டியோ வைத்திருப்பார்கள். கூட்டத்தைப் பார்த்தால் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். முன் பிட்டில் வந்த தகவலை எல்லாம் அடுத்த ஓட்டுநருக்குப் பந்தய மைலோடு சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: டக்கார் ரேலியிலும் இதே முறைதானா?

பதில்: இல்லை. 2020 முதல் சவூதி அரேபியாவில் நடக்கும் டக்காரில், நேரம் கணக்கிடும் பகுதிக்குள் வெளியாள் உதவிக்கு இடமில்லை. போட்டியாளர் போட்டியாளருக்கு உதவலாம். அதனால்தான் அணிகள் உதிரிபாகம் ஏற்றிய லாரியையும் போட்டியிலேயே பதிவு செய்து ஓட்டுகின்றன. மெக்கானிக்குகளின் வேலை இரவு முகாமில். மாரத்தான் கட்டத்தில் அந்த இரவும் மெக்கானிக் இல்லை. ஓட்டுநரே ஸ்பேனர் பிடிக்க வேண்டும். ஆகவே அங்கே சப்போர்ட் என்பதில் பாதி, எந்தப் பழுதை எந்தக் கருவியால் எத்தனை நிமிடத்தில் சரிசெய்வது என்று ஓட்டுநருக்கு முன்கூட்டியே பழக்கிவிடுவது.

கேள்வி: எல்லையில் என்ன தொல்லை வரும்?

பதில்: மெக்சிகோ நுழைவு அனுமதிச் சீட்டு ஆளுக்கொன்று, மெக்சிகோவில் செல்லும் வாகனக் காப்பீடு பிக்கப்புக்கொன்று (அமெரிக்கக் காப்பீடு அங்கே செல்லாது). ஒற்றைத் துப்பாக்கித் தோட்டா வண்டியில் கிடந்தாலும் சிறை செல்ல நேரலாம். வேட்டைக்குப் போன நண்பரின் பிக்கப்பை இரவல் வாங்கினால் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவுங்கள். பெசோ சில்லறையாக வைத்திருங்கள்.

கேள்வி: தூக்கம்?

பதில்: மெதுவான பிரிவுகளில் பந்தயம் ஒன்றரை நாள்கூட ஓடும். பந்தய வண்டியில் கூண்டும் ஐந்து முனை பெல்ட்டும் இருக்கின்றன. தூக்கக் கலக்கத்தில் நெடுஞ்சாலையில் விரட்டும் உங்களுக்கு அவை இல்லை. இரவில் பாஹா சாலைகளில் மாடுகள் குறுக்கே நிற்கும், ஓரத்தில் மண்விளிம்பும் இருக்காது. பிக்கப்புக்கு இரண்டு ஓட்டுநர். மூன்று மணி நேரத்துக்கு ஒரு மாற்று. ஓட்டாதவர் தூங்க வேண்டும், அரட்டைக்குத் துணை இருக்கக் கூடாது. பிட்டுக்குத் தாமதமானால் தாமதமாகட்டும், வயர்லெஸ்ஸில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இரவில் எல்லாப் பிட்டும் ஒரே மாதிரி தெரிகிறதாம். எங்களை எப்படிக் கண்டுபிடிப்பார்?

பதில்: ஆறு மீட்டர் கம்பத்தில் இரண்டு நிற விளக்குகள், ஒன்றன்கீழ் ஒன்றாக, மேலே பச்சை, கீழே ஊதா என்பது போல யாரும் வைக்காத சேர்க்கை. பிட்டுக்கு 300 மீட்டர் முன்னால் ஓர் ஆள், ஒளிரும் சட்டையோடு, பாதையைவிட்டு நன்றாகத் தள்ளி, டார்ச்சோடு நிற்கட்டும். வெள்ளை வேலை விளக்கை வண்டி வரும் திசைக்குத் திருப்பாதீர்கள். கண் கூசி, உங்களையே தாண்டிப் போய்விடுவார்.